கருவிகளுக்கு முகவரியும் அமைப்பும் தானாகக் கிடைக்கச் செய்தல்: வழியைத் தேர்ந்தெடுப்பது முதல் சோதித்து முடிப்பது வரை

கருவிகள் கேட்டதும் ஒரு சர்வர் தானாக முகவரி கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். வலையமைப்பை முதன்முறையாக வடிவமைப்பவர்கள் "டிஎச்சிபியா, கையால் முகவரி கொடுப்பதா?" என்று மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். அப்படி எடுத்த முடிவு எதுவாக இருந்தாலும் சில மாதங்களில் ஏதோ ஒரு மூலையில் உறுத்தத் தொடங்கிவிடும். முடிவை ஒவ்வொரு வகைக் கருவிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: இந்தக் கருவி பிறரைத் தேடிப் போவதா, பிறர் இதைத் தேடி வருவதா?

மடிக்கணினியும் கைபேசியும் தேடிப் போகின்றன. அவற்றின் முகவரி இன்று ஒன்றாகவும் நாளை வேறொன்றாகவும் இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. பிரிண்டரையும் கேமராவையும் கோப்புச் சர்வரையும் பிறர் தேடி வருகிறார்கள். அவை இருந்த முகவரியிலேயே இருந்தாக வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பிரிவினையிலிருந்தே கிளைக்கின்றன. ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படுவதால் வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் கருவிப் பட்டியல். கருவியின் வகை, எண்ணிக்கை, நிலையாக இருப்பவற்றின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாளம்), எந்தச் சப்நெட்டில் (வலையமைப்பின் எந்தத் துண்டில்) இருக்கிறது என்ற நான்கு விவரங்கள் போதும். பட்டியல் இல்லாமல் டிஎச்சிபி சர்வரின் திரையைத் திறப்பவர், அந்தத் திரை கேட்கும் வரிசையில்தான் யோசிப்பார்; அது உங்கள் வலையமைப்புக்குத் தேவையான வரிசையாக இருக்காது.

இரண்டாவதாக, ரவுட்டர், ஸ்விட்ச் இரண்டிலும் அமைப்பை மாற்றும் உரிமை வேண்டும். பாதி வேலை சர்வரில் இருந்தாலும் மீதிப் பாதி இவற்றில்தான் இருக்கிறது. மூன்றாவதாக, பிணையத்தில் போகும் செய்திகளைப் பதிந்து காட்டும் வயர்ஷார்க் அல்லது டிசிபிடம்ப் நிறுவிய ஒரு மடிக்கணினி. பிணைய உரையாடலைக் கண்ணால் பார்க்காமல் டிஎச்சிபி கோளாறைத் தீர்ப்பது பெரும்பாலும் ஊகமாகவே முடியும்.

நான்காவது, பலரும் தவறவிடுவது: ஏற்கெனவே வேறு டிஎச்சிபி சர்வர் ஓடுகிறதா என்று பார்ப்பது. மடிக்கணினியை இணைத்து, பதிவுக் கருவியை ஓடவிட்டு, முகவரியை விடுவித்துவிட்டு மீண்டும் கேளுங்கள். ஒரு கேள்விக்கு எத்தனை ஆஃபர் (இந்த முகவரியைத் தருகிறேன் என்ற சர்வரின் பதில்) வருகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் அவை எந்த முகவரிகளிலிருந்து வருகின்றன என்று குறித்துக்கொண்டு, எதை நிறுத்த வேண்டும் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு சப்நெட்டிலும் செய்ய வேண்டும், ஏனென்றால் கேள்வி ஒளிபரப்பாக, அதாவது அனைவருக்கும் பொதுவாக, செல்வதால் அது சப்நெட்டின் எல்லையைத் தாண்டாது.

2. கிடைக்கும் வழிகள்

கையால் கொடுப்பது முதல் வழி. கருவியிலேயே முகவரி, சப்நெட் மாஸ்க் (சப்நெட்டின் எல்லையைச் சொல்வது), கேட்வே (வெளியே போக வழியாகும் ரவுட்டரின் முகவரி), டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) ஆகியவற்றை எழுதிவிடுகிறோம். எவரையும் நம்பி இராத வழி இது. ஆனால் டிஎன்எஸ் சர்வர் மாறும் நாளில் ஒவ்வொரு கருவியாக ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

டிஎச்சிபி தொகுப்பு இரண்டாவது. சர்வரிடம் ஒரு முகவரி வரம்பைக் கொடுத்துவிட்டால், கேட்பவர்களுக்கு அது குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடுகிறது. இதை லீஸ் அல்லது குத்தகை என்பார்கள்.

மூன்றாவது, டிஎச்சிபி முன்பதிவு. இன்ன மேக் முகவரி உள்ள கருவி கேட்டால் இன்ன ஐபி முகவரியைத்தான் கொடுக்க வேண்டும் என்று சர்வரில் எழுதி வைப்பது. கருவியைப் பொறுத்தவரை அது சாதாரண டிஎச்சிபிதான். நிலையான முகவரி, மையத்திலிருந்து மாற்றும் வசதி என இரண்டும் ஒருங்கே கிடைப்பதால் நான் அதிகம் பயன்படுத்துவது இதையே.

நான்காவது, ஐபிவி6 (ஐபிவி4-க்கு அடுத்த புதிய முகவரி முறை) வலையமைப்பில் ரவுட்டரின் அறிவிப்பைக் கேட்டுக் கருவி தானே முகவரியை உருவாக்கிக்கொள்வது. ஸ்லாக் எனப்படும் இந்த முறைக்கும் டிஎச்சிபிவி6-க்கும் உள்ள உறவு சற்றுச் சிக்கலானது. அதை 9-ஆம் படியில் பார்ப்போம்.

இவை தவிர 169.254 எனத் தொடங்கும் முகவரியையும் சில வேளைகளில் காண்பீர்கள். எந்தச் சர்வரும் பதிலளிக்காதபோது கருவி தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் முகவரி அது. ரவுட்டரைத் தாண்டி எங்கும் செல்லாது. இதைக் கண்டவுடன் நெட்வொர்க் கார்டு பழுது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. உண்மையில் கார்டு வேலை செய்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதே செய்தி.

3. கருவிகளை மூன்று கூடையில் பிரியுங்கள்

முதல் கூடை: வலையமைப்பு எழுந்து நிற்பதற்கே தேவையானவை. ரவுட்டர், டிஎச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர், ஸ்விட்சுகளின் நிர்வாக முகவரி, மெய்நிகர் இயந்திரங்களை (மென்பொருளாக ஓடும் கணினிகளை) தாங்கும் சர்வர்கள் ஆகியவை இதில் வரும். இவற்றுக்குக் கையால்தான் முகவரி கொடுக்க வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. டிஎச்சிபி சர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரமாக இருந்து, அதைத் தாங்கும் சர்வர் தன் முகவரியை அதே டிஎச்சிபியிடம் கேட்டுக் காத்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது கூடை: பிறர் தேடி வரும் மற்ற எல்லாம். பிரிண்டர், கேமரா, வருகைப் பதிவு இயந்திரம், கோப்புச் சேமிப்பகம் போன்றவை. இவற்றுக்கு முன்பதிவு. மூன்றாவது கூடையில் தேடிப் போகும் கருவிகள் அனைத்தும் வரும், அவற்றுக்குத் தொகுப்பு.

புதியவர்கள் செய்யும் தவறு, முதல் கூடையை ஊதிப் பெருக்குவது. "இது முக்கியமான கருவி, ஆகவே கையால் கொடுப்போம்" என்ற எண்ணத்தில் மேலாளரின் மடிக்கணினிகூட அங்கே போய்விடுகிறது. அவர் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்ற அன்று மாலையே உங்களுக்கு அழைப்பு வரும்.

4. முகவரி வரைபடத்தைத் தாளில் வரையுங்கள்

192.168.20.0/24 என்ற சப்நெட்டை எடுத்துக்கொள்வோம். பயன்படுத்தக்கூடிய முகவரிகள் 254. நான் வழக்கமாக 1 முதல் 19 வரை முதல் கூடைக்கும், 20 முதல் 59 வரை முன்பதிவுக்கும், 60 முதல் 239 வரை தொகுப்புக்கும் ஒதுக்கி, 240 முதல் 254 வரை உள்ளதைத் தொடாமல் விடுவேன். தொகுப்பில் 180 முகவரிகள் கிடைக்கின்றன. கடைசித் துண்டு அவசரத்துக்கு: இடமாற்றத்தின்போது பழைய கருவியும் புதிய கருவியும் சில நாட்கள் சேர்ந்து ஓட வேண்டியிருக்கும்.

எல்லைகளை இப்படிப் பிரிப்பதற்குக் காரணம், முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் அது எந்தக் கூடையைச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும் என்பதே. நள்ளிரவில் பதிவேட்டைப் படிப்பவருக்கு இந்தச் சிறு ஒழுங்கு பெரிய உதவி.

இங்கே நிகழும் மிகப் பொதுவான பிழை, தொகுப்பின் வரம்புக்குள் இருக்கும் ஒரு முகவரியைக் கையால் ஒரு கருவிக்குக் கொடுத்துவிடுவது. முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகாது. அந்த முகவரி தொகுப்பிலிருந்து இன்னொருவருக்குப் போகும் நாளில் இருவருக்கும் இணைப்பு விட்டு விட்டு வரும். சர்வர்கள் பல, கொடுக்கும் முன் அந்த முகவரியைப் பிங் செய்து, அதாவது யாராவது பதில் தருகிறார்களா என்று கேட்டு, பார்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் பிரிண்டர் அணைக்கப்பட்டிருந்தால் பதில் வராது, சர்வரும் முகவரி காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.

முன்பதிவு முகவரிகள் தொகுப்பின் வரம்புக்குள் இருக்கலாமா என்பது சர்வர் மென்பொருளைப் பொறுத்தது. ஐஎஸ்சி டிஎச்சிபியில் நிலையாக எழுதிய முகவரி தொகுப்புக்கு வெளியே இருக்க வேண்டும், இல்லையேல் அதை வேறொருவருக்கும் கொடுத்துவிடக்கூடும். டிஎன்எஸ்மாஸ்க்கில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலே காட்டியதுபோல் எப்போதும் வெளியே வைத்துப் பழகிவிட்டால், மென்பொருள் மாறினாலும் வரைபடம் மாறாது. ஐஎஸ்சி டிஎச்சிபிக்கான பராமரிப்பு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர்கள் அதே அமைப்பின் கியா மென்பொருளைப் பார்ப்பது நல்லது.

5. குத்தகைக் காலத்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் எல்லாச் சர்வரிலும் ஏதோ ஓர் எண் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கிறது. விண்டோஸ் சர்வரில் அது 8 நாள். டிஎன்எஸ்மாஸ்க்கில் 1 மணி நேரம். ஒரே வேலைக்கு இவ்வளவு மாறுபட்ட எண்கள் இருப்பதே, இதைச் சிந்திக்காமல் விடக்கூடாது என்பதற்குச் சான்று.

விருந்தினர் வைஃபை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 60 புதிய கைபேசிகள் வருகின்றன, மாலையில் போய்விடுகின்றன. தொகுப்பில் 180 முகவரிகள். குத்தகை 8 நாள் என்றால், போனவர்களின் முகவரிகள் 8 நாள் வரை அவர்கள் பெயரிலேயே முடங்கிக் கிடக்கும். மூன்றாம் நாள் முடிவில் தொகுப்பு தீர்ந்துவிடும். நான்காம் நாள் காலை வருபவருக்கு முகவரி இல்லை. அந்த நேரத்தில் வைஃபையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. குத்தகையை 2 மணி நேரமாக்கினால் இதே 180 முகவரிகள் தாராளமாகப் போதும். தொகுப்பு நிரம்பியதும் சப்நெட்டைப் பெரிதாக்க ஓடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நிரந்தரமாக ஒரே இடத்தில் இருக்கும் கருவிகளுக்கு நீண்ட குத்தகை பொருந்தும். சர்வர் சிறிது நேரம் படுத்துவிட்டாலும் அவை கையிலுள்ள முகவரியோடு வேலையைத் தொடரும். குத்தகையை 5 நிமிடமாக வைத்துவிட்டுச் சர்வரை மறுதொடக்கம் செய்தால் வலையமைப்பே சேர்ந்து ஆட்டம் காணும். என் பழக்கம்: விருந்தினருக்கு 2 மணி நேரம், அலுவலக மடிக்கணினிகளுக்கு 1 நாள், முன்பதிவுக் கருவிகளுக்கு 7 நாள்.

புதுப்பித்தல் எப்போது நடக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கருவி, குத்தகைக் காலத்தின் 50 விழுக்காடு கடந்ததும், முகவரி கொடுத்த சர்வரை நேரடியாகத் தொடர்புகொண்டு நீட்டிப்புக் கேட்கும். பதில் இல்லாவிட்டால் 87.5 விழுக்காட்டில், எந்தச் சர்வராவது பதில் சொல்லட்டும் என்று ஒளிபரப்பாகக் கேட்கும். 8 நாள் குத்தகையில் இவை முறையே 4-ஆம் நாளும் 7-ஆம் நாளும் ஆகும். புதிய டிஎன்எஸ் முகவரி போன்ற மாற்றங்கள் இயங்கிக்கொண்டிருக்கும் கருவிகளைச் சென்று சேர்வதும் இந்தப் புதுப்பித்தலின்போதுதான்.

6. முகவரியோடு சேர்த்து எதைக் கொடுப்பது

டிஎச்சிபி முகவரியோடு அனுப்பும் ஒவ்வொரு விவரத்துக்கும் விருப்ப எண் என்று ஓர் எண் உண்டு. சப்நெட் மாஸ்க் விருப்ப எண் 1, கேட்வே 3, டிஎன்எஸ் 6. இந்த மூன்றும் இல்லாமல் முகவரியால் பயனில்லை. டொமைன் பெயர் 15, நேரச் சர்வர் 42. மேசைத் தொலைபேசிகளும் பிணையம் வழியே துவங்கும் கணினிகளும் 66, 67 ஆகிய எண்களில் தங்கள் அமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கும். வயர்லெஸ் அணுகுமுனைகள் சில தங்கள் கட்டுப்பாட்டுக் கருவியின் முகவரியை 43-இல் எதிர்பார்க்கும். அதில் என்ன வடிவத்தில் எழுத வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கையேட்டைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

டிஎன்எஸ் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. முதல் இடத்தில் உள் டிஎன்எஸ் சர்வரையும், "இருக்கட்டும்" என்று இரண்டாம் இடத்தில் வெளியிலுள்ள ஒரு பொது டிஎன்எஸ் சர்வரையும் எழுதிவிடுகிறார்கள். கருவிகள் எப்போதும் முதலாவதையே கேட்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முதலாவது ஒருமுறை தாமதித்தாலே இரண்டாவதிடம் போய், உள் சர்வரின் பெயரைக் கேட்டு, "அப்படி ஒன்று இல்லை" என்ற பதிலை வாங்கி வந்துவிடும். பட்டியலில் உள்ள எல்லா டிஎன்எஸ் சர்வர்களும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்பவையாக இருக்க வேண்டும்.

கூடுதல் வழித்தடங்களைக் கொடுக்க 121-ஆம் எண்ணைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அந்த எண் வந்துவிட்டால், விதிப்படி, கருவி 3-ஆம் எண்ணைப் பொருட்படுத்தாது. ஆகவே கேட்வேயையும் 121-க்குள்ளேயே இன்னொரு முறை எழுத வேண்டும். இதை மறந்தால் புதிய வழித்தடம் வேலை செய்யும், இணையம் நின்றுவிடும்.

7. முன்பதிவுகளை எழுதுங்கள்

மேக் முகவரியைக் கருவியின் ஒட்டுச்சீட்டிலிருந்து பார்த்து எழுதுவதைவிட, கருவியை ஒருமுறை தொகுப்பிலிருந்து முகவரி வாங்கவிட்டு, சர்வரின் குத்தகைப் பட்டியலிலிருந்து எடுத்து எழுதுவது பாதுகாப்பானது. கம்பி இணைப்புக்கும் வைஃபைக்கும் வெவ்வேறு மேக் முகவரிகள் இருக்கும். ஒட்டுச்சீட்டில் பெரும்பாலும் ஒன்றுதான் அச்சாகியிருக்கும்.

கைபேசிகளுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 10 ஆகியவற்றிலிருந்து கைபேசிகள் வைஃபையில் தமது உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாக உருவாக்கப்பட்ட ஒன்றையே காட்டுகின்றன. அத்தகைய முகவரியை அடையாளம் காண எளிய வழி உண்டு: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால், அந்தக் கைபேசியில் அந்த ஒரு வைஃபைக்கு மட்டும் இந்த வசதியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

மடிக்கணினியைப் பொருத்தும் டாக் வைத்திருக்கும் இடங்களில் இன்னொரு குழப்பம். மேக் முகவரி டாக்கில் உள்ள இணைப்புக்குரியதாக இருக்கலாம். அப்படியானால் அதில் பொருத்தும் ஒவ்வொரு மடிக்கணினியும் அதே முன்பதிவைப் பெறும். மெய்நிகர் இயந்திரங்களைப் படியெடுப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் நேரும்: மேக் முகவரி வேறாக இருந்தும் இரண்டு படிகளுக்கும் ஒரே ஐபி வந்துவிடும். சில லினக்ஸ் வகைகள் மேக் முகவரியைக் காட்டாமல், இயந்திர அடையாள எண்ணிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைச் சர்வரிடம் காட்டுவதே காரணம். படியெடுத்ததும் அந்த எண்ணைப் புதுப்பித்துவிட வேண்டும்.

8. பல சப்நெட்டுகள் இருந்தால் இடைமாற்றியை அமையுங்கள்

சர்வர் ஒரு சப்நெட்டிலும் கருவிகள் வேறு சப்நெட்டிலும் இருந்தால், கருவியின் ஒளிபரப்பைப் பிடித்துச் சர்வருக்கு அனுப்ப ரவுட்டரிலோ அடுக்கு-3 ஸ்விட்சிலோ (சப்நெட்டுகளுக்கு இடையே வழிகாட்டும் ஸ்விட்ச்) ரிலே எனப்படும் இடைமாற்றியை அமைக்க வேண்டும். ரிலே, கேள்வி எந்தச் சப்நெட்டிலிருந்து வந்தது என்பதைக் காட்டத் தன் முகவரியை அதில் பதிந்து அனுப்புகிறது. அதைப் பார்த்தே சர்வர் எந்தத் தொகுப்பிலிருந்து கொடுப்பது என்று முடிவு செய்கிறது. எனவே ரிலே முகவரியின் சப்நெட்டும் தொகுப்பின் சப்நெட்டும் அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும்.

ஃபயர்வாலில் டிஎச்சிபி பயன்படுத்தும் யுடிபி 67, 68 ஆகிய துறைகளை (போர்ட் எண்களை) திறக்கும்போது ரிலேக்கும் சர்வருக்கும் இடையே மட்டும் திறந்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நானும் ஓர் அலுவலகத்தில் அப்படித்தான் செய்தேன். முகவரிகள் சிக்கலின்றிக் கிடைத்தன. யாரும் குறை சொல்லவில்லை. டிஎன்எஸ் சர்வரை மாற்றியபோது, 8 நாள் குத்தகையில் நான்காம் நாளுக்குள் எல்லாக் கருவிகளுக்கும் வந்திருக்க வேண்டிய புதிய டிஎன்எஸ், ஏழாம் நாள்தான் வந்து சேர்ந்தது. முதல் முகவரி ரிலே வழியாகக் கிடைக்கிறது, ஆனால் பாதிக் காலத்தில் நடக்கும் புதுப்பித்தல் கருவியிலிருந்து சர்வருக்கு நேராகப் போகிறது. அதை ஃபயர்வால் தடுத்துவிட்டிருக்கிறது. 87.5 விழுக்காட்டில் ஒளிபரப்பாகக் கேட்டபோது ரிலே மீண்டும் பிடித்துக்கொண்டதால் எவருடைய இணைப்பும் அறுபடவில்லை, கோளாறும் வெளியே தெரியவில்லை. கருவிகளின் சப்நெட்டிலிருந்து சர்வருக்கு நேரடி வழியையும் திறந்து வையுங்கள்.

இரண்டு சர்வர்கள் வேண்டுமென்றால், அவை குத்தகைப் பட்டியலைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வசதி உள்ளவையாக இருக்க வேண்டும். அந்த வசதி இல்லாவிட்டால் தொகுப்பை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பகுதி கொடுங்கள். ஒரே தொகுப்பை இரண்டிலும் எழுதினால் ஒரே முகவரி இருவருக்குப் போகும்.

9. ஐபிவி6-க்கு வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஐபிவி4 அனுபவத்தோடு வருபவர்கள் இங்கே டிஎச்சிபிவி6 சர்வரை நிறுவிவிட்டு, கருவிகளுக்கு முகவரி கிடைத்தும் இணையம் வரவில்லையே என்று திகைப்பார்கள். டிஎச்சிபிவி6-இல் கேட்வே கொடுப்பதற்கான விருப்பமே கிடையாது. கேட்வே எப்போதும் ரவுட்டர் அறிவிப்பிலிருந்துதான் வரும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ரவுட்டர் அறிவிப்பை நிறுத்த முடியாது. தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த அறிவிப்பில் உள்ள மூன்று கொடிகளின், அதாவது ஆம் அல்லது இல்லை என்று காட்டும் குறிகளின், நிலையைத்தான்.

ஏ கொடி முகவரி முன்னொட்டோடு (சப்நெட் முழுவதற்கும் பொதுவான முகவரியின் முன்பகுதி) சேர்ந்து வரும். அது ஏற்றப்பட்டிருந்தால் கருவி அந்த முன்னொட்டைக் கொண்டு தானே முகவரி அமைத்துக்கொள்ளலாம். இதற்கு முன்னொட்டு /64 அளவில் இருக்க வேண்டும்; சிக்கனமாக இருப்பதாக எண்ணி /80 கொடுத்தால் கருவிகள் முகவரி அமைத்துக்கொள்ளா. ஓ கொடி, டிஎன்எஸ் போன்ற மற்ற விவரங்களை டிஎச்சிபிவி6-இடம் கேட்கச் சொல்கிறது. எம் கொடி, முகவரியையே டிஎச்சிபிவி6-இடம் கேட்கச் சொல்கிறது.

கைபேசிகள் இருக்கும் சப்நெட்டில் ஏ கொடியை ஏற்றி, டிஎன்எஸ் முகவரியை ரவுட்டர் அறிவிப்பிலேயே கொடுங்கள். ஆண்ட்ராய்டு கருவிகள் டிஎச்சிபிவி6 சர்வரிடம் தனி முகவரி வாங்குவதில்லை என்பதால், எம் கொடியை மட்டும் நம்பினால் அவற்றுக்கு ஐபிவி6 கிடைக்காது. பழைய விண்டோஸ் கணினிகள் ரவுட்டர் அறிவிப்பிலிருந்து டிஎன்எஸ் எடுத்துக்கொள்வதில்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்துதான் அந்த வசதி உண்டு. அவை இருந்தால் ஓ கொடியையும் ஏற்றி, டிஎச்சிபிவி6 வழியாகவும் டிஎன்எஸ் கொடுங்கள்.

எந்த முகவரி எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்ற பதிவு கட்டாயம் தேவைப்படும் சர்வர் சப்நெட்டுகளில் எம் கொடி பொருந்தும். அப்போது ஏ கொடியை இறக்க மறந்துவிடுகிறார்கள். கருவி இரண்டு வழியிலும் முகவரி பெற்றுக்கொண்டு, பதிவில் இல்லாத முகவரியிலிருந்தே வெளியே போகும். இங்கே முன்பதிவு மேக் முகவரியைக் கொண்டு நடப்பதில்லை, டியுஐடி என்ற அடையாளத்தைக் கொண்டு நடக்கிறது என்பதையும், டிஎச்சிபிவி6-இன் யுடிபி துறைகள் 546, 547 என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பிவி6 என்ற, ஐபிவி6-இன் கட்டுப்பாட்டுச் செய்திகளைக் கடத்தும் நெறிமுறையை முழுவதுமாகத் தடுத்துவிட வேண்டாம். ரவுட்டர் அறிவிப்பே அதன் மேல்தான் ஓடுகிறது.

10. ஸ்விட்சில் இரண்டு பூட்டு, ஒரு திறப்பு

யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த வைஃபை ரவுட்டரின் தவறான துளையில் கேபிளைச் செருகுவார். அது தன் சொந்த டிஎச்சிபியால் அக்கம்பக்கத்துக் கணினிகளுக்கு முகவரி வாரி வழங்கத் தொடங்கும். அருகில் இருக்கும் சர்வரின் பதில் முதலில் வந்துவிடும். ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்நூப்பிங் என்ற காவல் வசதியை இயக்கி, சர்வரோ ரிலேயோ இருக்கும் துறையை (இங்கே, ஸ்விட்சில் கேபிள் செருகும் இடம்) மட்டும் நம்பகமானதாகக் குறித்தால் மற்றத் துறைகளிலிருந்து வரும் ஆஃபர்களை ஸ்விட்ச் கொன்றுவிடும். ஸ்விட்சுகளை இணைக்கும் மேல்துறையைக் குறிக்க மறந்தால் உங்கள் சர்வரின் ஆஃபரும் சேர்ந்தே சாகும்.

இதே காவலை ஐபிவி6-க்கு ஆர்ஏ கார்டு (ரவுட்டர் அறிவிப்புக்கான காவல்) செய்கிறது. ஐபிவி6 பயன்படுத்தாத வலையமைப்பிலும் இதை இயக்குங்கள்: நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் கணினிகள் ரவுட்டர் அறிவிப்புக்குக் காது கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

திறப்பு என்றது, ஸ்விட்சுகளின் இணைப்பில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ பற்றியது. பழைய முறையில் கேபிள் செருகியதும் துறை 15 விநாடி கேட்கும் நிலையிலும் 15 விநாடி கற்கும் நிலையிலும் இருந்துவிட்டுத்தான் தரவைக் கடத்தும். அந்த 30 விநாடிக்குள் கருவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடலாம், குறிப்பாகப் பிணையம் வழியே துவங்கும் கணினிகள். கருவிகள் மட்டும் இணையும் துறைகளை விளிம்புத் துறை என்று குறித்துவிட்டால் காத்திருப்பு நீங்கும்.

11. மாற்றும் வரிசையும் சோதனையும்

ஓடிக்கொண்டிருக்கும் வலையமைப்பில் மாற்றம் செய்வதாயின், முதலில் பழைய சர்வரில் குத்தகைக் காலத்தை 30 நிமிடமாகக் குறையுங்கள். பிறகு பழைய குத்தகைக் காலத்தில் பாதியாவது காத்திருங்கள். அதற்குள் இயங்கும் கருவிகள் எல்லாம் புதுப்பித்துப் புதிய குறுங்காலத்துக்கு வந்திருக்கும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்து நேரடியாக மாற்றுபவர்கள், பழைய அமைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்துகொண்டிருப்பார்கள். அடுத்து, ஆட்கள் குறைவாக உள்ள ஒரு சப்நெட்டை மட்டும் மாற்றி, ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்த பின் மற்றவற்றுக்குச் செல்லுங்கள்.

சோதிக்கும்போது சர்வரின் பதிவேட்டில் டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், ஆக் என்ற நான்கு சொற்களும் ஒரே மேக் முகவரிக்கு வரிசையாக வருகின்றனவா என்று பாருங்கள். வரிசை எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் கோளாறு.

டிஸ்கவரே வரவில்லையென்றால் கேள்வி சர்வரை எட்டவில்லை. கேபிள், தவறான விலான் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு), ரிலே, ஸ்பானிங் ட்ரீ ஆகியவற்றைப் பாருங்கள். டிஸ்கவர் வந்தும் ஆஃபர் போகவில்லையென்றால் தொகுப்பு தீர்ந்திருக்கிறது, அல்லது ரிலே காட்டும் சப்நெட்டுக்குத் தொகுப்பே எழுதப்படவில்லை. டிஸ்கவர், ஆஃபர், டிஸ்கவர், ஆஃபர் என்று மாறி மாறி வந்தால் உங்கள் பதில் திரும்பும் வழியில் தொலைகிறது. பத்தில் எட்டு முறை, குறிக்க மறந்த ஸ்நூப்பிங் துறைதான். ரெக்வெஸ்ட் வந்தும் நீங்கள் ஆக் கொடுக்கவில்லையென்றால் அந்த ரெக்வெஸ்டில் உள்ள சர்வர் அடையாளத்தைப் பாருங்கள்: கருவி வேறொருவரின் ஆஃபரை ஏற்றிருக்கிறது, 1-ஆம் படியில் தேடிய இரண்டாவது சர்வர் இங்கே இருக்கிறது.

நாக் என்ற சொல்லைக் கண்டு பதற வேண்டாம். வேறு வலையமைப்பிலிருந்து வந்த மடிக்கணினி தன் பழைய முகவரியைக் கேட்டால் சர்வர் அப்படித்தான் மறுக்கும். உடனே கருவி முதலிலிருந்து தொடங்கும். டிக்ளைன் என்று வந்தால் மட்டும் எழுந்து போய்ப் பாருங்கள். கொடுத்த முகவரியில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதைக் கருவி கண்டுபிடித்துவிட்டது என்பது அதன் பொருள். 4-ஆம் படியில் சொன்ன, தொகுப்புக்குள் கையால் எழுதிய முகவரி ஏதோ ஒன்று இருக்கிறது.

எல்லாச் சப்நெட்டுகளும் ஒரு வாரம் சீராக ஓடிய பின், 30 நிமிடமாகக் குறைத்த குத்தகைக் காலத்தை 5-ஆம் படியில் தீர்மானித்த அளவுக்கு மறக்காமல் உயர்த்துங்கள். 4-ஆம் படியில் வரைந்த தாளில், வழியில் செய்த மாற்றங்களைத் திருத்தி, முன்பதிவுப் பட்டியலின் ஒரு படியோடு சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். அந்தச் சர்வரே விழும் நாளில்தான் அது தேவைப்படும்.